ஓர் அடிக்குப் பன்னிரண்டடி

இரு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு அரசாங்க விண்ணப்பங்களில் ‘இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்று பெயர். தெருவில் சைடு வீல் வண்டி. நல்ல வண்டி. சிக்னலில் காலூன்ற வேண்டாம், சேற்றில் சாயாது, ஊன்றுகோலைச் சொருகிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. பின்னால் மட்டும் போகாது. இப்போது ரிவர்ஸ் வைத்தும் பொருத்தித் தருகிறார்கள். என்னுடையது அந்த நாகரிகத்துக்கு முந்தியது.

மற்றவர்கள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே தரையை உதைத்துப் பின்னுக்குத் தள்ளுவதை நான் பொறாமையோடு பார்ப்பதுண்டு. என் கால்கள் எழுபதுகளிலேயே போலியோவிடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவை. ஆகவே வண்டியை நிறுத்துவது எனக்கு ஒரு வேலையே இல்லை. நேராகப் போய்ச் சுவரில் முட்டினால் தீர்ந்தது. எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று காத்திருக்க வேண்டும்.

வருவார்கள். இந்த ஊரில் ஆள் வராமல் போனதே இல்லை. ஒருவர் இழுத்துக்கொண்டே கால் எப்படிப் போயிற்று என்று கேட்பார். இன்னொருவர் கேரளத்தில் ஒரு எண்ணெய் வைத்தியரின் முகவரியைச் சொல்லி, எழுதிக்கொள்ளும்வரை வண்டியை விடமாட்டார். ஒரு கல்லூரி மாணவர் இழுத்துவிட்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். இவ்வளவு நல்லவர்கள் வாழ்வதால்தான் இங்கே யாரும் சாய்தளம் கட்டுவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நாலு பேர் தூக்கத் தயாராக இருக்கும்போது சிமெண்டுக்கு எதற்குச் செலவு?

சொந்த வீட்டுக்கு வருவதற்கு முன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தேன். கீழே தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிற்கும். எனக்கென்று ஓர் இடம் கேட்டபோது, எல்லா இடமும் விற்றாகிவிட்டது என்று சங்கத்தில் சொன்னார்கள். தூண்தள நிறுத்துமிடம் பொதுச் சொத்து, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு தண்ணீர் லாரி விஷயத்துக்குப் போனார்கள்.

ஆனாலும் நல்ல மனிதர்கள் அல்லவா, ஒரு மாதம் கழித்து இரண்டு தூண்களுக்கு இடையில் மிச்சமிருந்த சந்தில் தரையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து கொடுத்தார்கள். கட்டட விதிகள் கேட்பது 3.6 மீட்டர் அகலம். அது யாருடைய ஆடம்பரத்துக்காகவும் சொன்னதல்ல: கார்க் கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் நாற்காலியை விரித்து, இதிலிருந்து அதற்கு மாறி உட்கார அவ்வளவு இடம் வேண்டும். எனக்குக் கிடைத்த சந்தில் படம் மட்டும் வசதியாகப் படுத்திருந்தது. வண்டியை உள்ளே விட்டால் பக்கச் சக்கரம் தூணைத் தேய்த்தது.

படத்தில் இன்னொரு விசேஷம், பெயிண்டர் தலை போட மறந்துவிட்டார். நாற்காலி இருக்கிறது, உடம்பு இருக்கிறது, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. செயலாளர் ரொம்பவும் சங்கடப்பட்டார். நான்தான் ஆறுதல் சொன்னேன். 1968-ல் டென்மார்க் மாணவி சுசான் கோஃபோட் இந்தச் சின்னத்தை வரைந்தபோது அதற்குத் தலை கிடையாது. கார்ல் மோன்டான் என்பவர்தான் பிறகு ஒரு வட்டத்தை வைத்து அதை மனிதனாக்கினார். நம் பெயிண்டர் மூலப் பிரதிக்கே போய்விட்டார், விடுங்கள் என்றேன். மாலையில் பிள்ளைகள் அந்தத் தலையில்லாதவர் மேல் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். நான் வெளியே காம்பவுண்டு ஓரம் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அப்பாவின் வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். சென்னையின் தெற்கே, ஏரியாகவும் வயலாகவும் இருந்து மனையாக மாறிய பகுதிகளில் ஒன்று. நாற்பதடி முகப்புள்ள ஒரு கிரவுண்டு. எண்பதுகளில் அப்பா கட்டும்போது தெருவிலிருந்து அரையடி உயரத்தில் முற்றம், முற்றத்திலிருந்து மூன்று படி ஏறினால் வராந்தா. அந்தப் படிகளில் என்னைத் தூக்கிப் போவதை அவர் ஒரு கடமையாகவே நினைக்கவில்லை. அவருக்கு எழுபது வயதானபோதும் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பார்.

அவர் இருக்கும்போதே உயரத் தொடங்கிய தெரு, அவர் போனபிறகும் உயர்ந்துகொண்டே போனது. எங்கள் தெரு மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். பழைய தாரின் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார். பூமியின் வயதை அடுக்கு அடுக்காகப் பாறையில் படிப்பதுபோல எங்கள் தெருவை வெட்டிப் பார்த்தால் உள்ளாட்சித் தேர்தல்களின் வரலாறு கிடைக்கும். அரையடி உயரத்தில் இருந்த முற்றம் மெதுவாகப் பள்ளமாயிற்று. தெருவிலிருந்து வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் இறங்க வேண்டும், பிறகு படியேற வேண்டும். கோட்டைகளுக்கு அகழி வெட்டினார்கள்; எங்களுக்கு அது இலவசமாக அமைந்தது. மழைக்காலத்தில் தண்ணீரும் நிரம்பும்.

எதிர்வீட்டு அண்ணாச்சி இதற்கு வேறு வழி கண்டார். 2015 வெள்ளத்தில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்தது. அடுத்த வருடமே ஜாக்கிக்காரர்களை வரவழைத்து வீட்டைத் தூக்கிவிட்டார். சென்னையில் இது இப்போது சாதாரணம். அடித்தளத்துக்கு மேலே சுவரைக் குடைந்து, இரும்புச் சட்டம் கொடுத்து, ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். கீழே செங்கல் கட்டிக்கொண்டே வருவார்கள். மூன்றடி ஏற்றினார். “உள்ள டம்ளர் தண்ணி கூடச் சிந்தல பாத்துக்கிடுங்க” என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்வார்.

நான் வண்டி நிறுத்த இடம் கட்டப் போகிறேன் என்றதும் அவருக்குத்தான் வருத்தம். “எதுக்குத் தம்பி வீண் செலவு? ஒரு சத்தம் குடுத்தா வந்துர மாட்டமா?” மனதாரச் சொன்னார். சத்தம் கொடுத்தால் கடையைப் போட்டுவிட்டு வரக்கூடியவர்தான். காலை ஐந்து மணிக்கும் வருவார். ஆனால் காலை ஐந்து மணிக்குச் சும்மா ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று தோன்றுகிறவனுக்கு, அந்த டீக்காக ஒருவரை எழுப்ப மனம் வராது. எழுப்பினால் எங்கே போகிறோம் என்று சொல்ல வேண்டும். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சில இடங்களுக்குக் காரணம் இல்லாமல் போக ஆசை.

தோள்பட்டைகளும் நோட்டீஸ் கொடுத்துவிட்டன. கால் செய்ய வேண்டிய வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவை அவை. இன்னும் சில வருடத்தில் வீட்டுக்கு வெளியேயும் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கட்டுவதை நாற்காலிக்கும் சேர்த்தே கட்டிவிட வேண்டும் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

மேஸ்திரி அனுபவசாலி. தெருவில் பாதி வாசல்களில் பைக் ஏற்றும் சிமெண்டுச் சரிவு அவர் போட்டதுதான். நம் ஊர்ச் சரிவுகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டடி உயரத்துக்கு மூன்றடி நீளம். இளைஞர்கள் வண்டியை முறுக்கி ஒரே பாய்ச்சலில் ஏறுவார்கள். அந்தச் சரிவில் சக்கர நாற்காலியை விட்டால் உட்கார்ந்திருப்பவர் வானத்தைப் பார்க்கலாம்.

“சார், ரெண்டடிக்கு நாலடி போட்டுத் தர்றேன். தாராளம்.”

“இருபத்து நாலடி வேணும் மேஸ்திரி.”

என் காலைப் பார்த்தார், பிறகு தலையைப் பார்த்தார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அரசாங்கக் கணக்கு என்று விளக்கினேன். ஐந்து டிகிரிக்கும் குறைவான சரிவு. அதற்கு மேல் செங்குத்தாகப் போனால் கையால் சக்கரம் தள்ளுகிறவருக்கு ஏறவும் முடியாது, இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் முடியாது. மேஸ்திரி கயிற்றைப் பிடித்து இருபத்து நாலடி நடந்து பார்த்தார். கூடத்தைத் தாண்டி அம்மாவின் அடுக்களையில் போய் நின்றார்.

“இங்க முடியுது சார்” என்றார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

வாஸ்து தெரிந்த உறவினர் ஒருவர் வந்து, ஈசானிய மூலையில் பள்ளம் இருக்கலாம், மேடு கூடாது என்று சொன்னார். பள்ளத்தில்தான் பத்து வருடமாக இருக்கிறோம், ஒன்றும் பெரிதாக வந்து சேரவில்லை என்றாள் அம்மா. சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மெரினாவில் அலையைத் தொட்டுப் பார்க்க மணலுக்கு நடுவே மரப்பாதையே போட்டார்கள். 2022 நவம்பரில் திறந்தார்கள், டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது, திரும்பச் சரிசெய்தார்கள். வங்காள விரிகுடா வரை எனக்கு வழி இருக்கிறது. வராந்தாவிலிருந்து தெருவுக்குத்தான் இல்லை. சொந்த வீட்டுக்குள் எந்தச் சட்டமும் வந்து பார்ப்பதில்லை. அங்கே உச்ச நீதிமன்றம் அம்மா. துளசி மாடத்தைத் தொடக் கூடாது என்று இடைக்காலத் தடை ஏற்கெனவே போட்டிருந்தாள்.

மேஸ்திரி கடைசி முயற்சியாக டியூப் லெவலை எடுத்தார். கண்ணாடிபோல் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையைச் சித்தாள் பையன் தெருவில் பிடித்துக்கொண்டான், மறுமுனையை மேஸ்திரி வராந்தா விளிம்பில் பிடித்தார். எத்தனை கருவிகள் வந்தாலும் தண்ணீர் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. குழாயை ஆட்டினார், தட்டினார், குமிழி போகும்வரை காத்திருந்தார். தண்ணீர் ஏறி இறங்கி நின்றது. அவர் முகம் மாறியது. பையனைத் திட்டினார். முனைகளை மாற்றிப் பிடித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

“சார், ரோடும் வராந்தாவும் ஒரே மட்டம். ரெண்டு இஞ்சுதான் வித்தியாசம்.”

அந்தக் கணத்தில் நான் அடைந்த உணர்ச்சியைச் சொல்லத்தான் வேண்டும். ஊரே சபித்த சாலை அது. அண்ணாச்சியைக் கடனாளியாக்கிய சாலை. ஒவ்வொரு மழைக்கும் நாங்களும் திட்டாத திட்டில்லை. அந்தச் சாலை முப்பது சொச்சம் வருடமாக, அடுக்கு அடுக்காக, யாரும் மனுக் கொடுக்காமலே, என் வராந்தாவின் உயரத்துக்கு வந்து காத்துக்கொண்டிருந்தது. சாய்தளம் எதற்கு? நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்பினால் போதும். மீதி இரண்டு அங்குலத்துக்கு இரண்டடிச் சரிவு.

பக்கத்துத் தெருவில் இடித்த ஒரு கட்டடத்தின் ரப்பீஸ் மலிவாகக் கிடைத்தது. முற்றத்தை நிரப்பும்போது சம்ப்பின் கழுத்தை உயர்த்த வேண்டியிருந்தது, மழைநீர் சேகரிப்புக் குழியின் உறையையும் உயர்த்த வேண்டியிருந்தது. துளசி மாடமும் கடைசியில் மூன்றடி நகர்ந்தது. அம்மா அதற்கு ஒரு நல்ல நாள் பார்த்தாள். மேஸ்திரி அதற்கும் கூலி வாங்கினார்.

திரும்புகிற சிக்கல் பாக்கி இருந்தது. பத்தடி முற்றத்தில் சைடு வீல் வண்டி திரும்பாது. ஆகவே இரண்டு கேட். வலது கேட்டில் நுழைந்து, வராந்தாவை ஒட்டி நின்று, இறங்கி, திரும்ப ஏறினால் இடது கேட் வழியாக நேரே தெரு. எங்கும் பின்னால் போக வேண்டாம். இடது கேட் வர வேண்டிய இடத்துக்கு நேரே வெளியில் மின் பெட்டி ஒன்று தூண்போல் நின்றது. அதை நகர்த்துவது துளசி மாடத்தை நகர்த்துவதுபோல் அல்ல. அது நல்ல நாளுக்கெல்லாம் மசியாது. கேட்டையே இரண்டடி தள்ளி வைத்தோம்.

தெருத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க கேட்டில் மேடு வைக்கலாம் என்றார் மேஸ்திரி. மேடு என்றால் இந்த வண்டிக்கு ஆகாது. பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் உட்கார்ந்துகொள்ளும், நடுச் சக்கரம் அந்தரத்தில் சுழலும். ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக நான் அதே இடத்தில் மிகுந்த வேகத்தில் இருப்பேன். மேட்டுக்குப் பதில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புக் கம்பி மூடி போட்டோம். வெல்டிங் பட்டறைக்காரர் கம்பிகளை நாங்கள் போகிற திசையிலேயே வைத்துக் கொண்டுவந்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஊன்றுகோலை வைத்தேன், ரப்பர் புஷ்ஷோடு அரையடி உள்ளே போயிற்று. நாற்காலியின் சின்ன முன்சக்கரமும் இப்படித்தான் மாட்டும். குறுக்கே வைத்து மறுபடி பற்றவைக்கச் சொன்னேன். “முன்னாடியே சொல்லக் கூடாதா சார்” என்றார். வரைபடத்தைச் சட்டைப் பையிலிருந்து அவரே எடுத்துப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

தரையில் பளபளப்பு டைல்ஸ் போட வேண்டும் என்று உறவில் ஒரு கட்சி கிளம்பியது. ஈரத்தில் ஊன்றுகோலோடு அதன் மேல் நடப்பதைவிட அவர்கள் மேலேயே விழுவது பாதுகாப்பு. சிமெண்டு காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கினோம். அது கோலமாவைத் தின்றது. அம்மா பெயிண்டில் கோலம் போடுகிறேன் என்றாள். பெயிண்டு மழையில் வழுக்கும் என்றேன். பேச்சுவார்த்தை நீண்டது. வண்டிக்கு மூன்று தடம்: நடுச் சக்கரத்துக்கு ஒன்று, பக்கங்களுக்கு இரண்டு. தடங்களுக்கு இடையில் கிடைக்கும் இரண்டு பட்டைகளில் கோலம் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மார்கழியில் எங்கள் வாசலில் மட்டும் புள்ளிகள் ரயில் பெட்டிகளாக நீண்டு போகின்றன.

வழி சமமானதும் யார் யாருக்கெல்லாம் அது தேவைப்பட்டிருக்கிறது என்று தெரிய வந்தது. தண்ணீர் கேன்காரர் வண்டியோடு வராந்தா வரை வருகிறார். சிலிண்டரை உருட்டியே கொண்டுவந்து வைக்கிறார்கள். அம்மாவின் சிநேகிதிகள், மூட்டு வலியால் வருடக்கணக்கில் தெருவில் நின்றே பேசிவிட்டுப் போனவர்கள், இப்போது உள்ளே வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். இதை முன்கூட்டியே யோசித்திருந்தால் திட்டத்தை மறுபரிசீலனை செய்திருப்பேன். எங்கள் குறுகிய தெருவில் திரும்ப முடியாத ஆட்டோக்கள் வலது கேட்டில் நுழைந்து இடது கேட்டில் வெளியேறுகின்றன. ஒருவர் நன்றியாக ஹார்ன் கூட அடித்தார்.

என் ஒரே பயம், சாலை இனியும் உயர்ந்துவிடக் கூடாது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், மட்டம் ஏறக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆணை போட்டார். தெருவில் அதை மனப்பாடமாக வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். போன முறை ராத்திரியில் தார் வண்டி வந்தபோது டேப்போடு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சமூக ஆர்வலர் என்று நினைத்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். சுரண்டித்தான் போட்டார்கள். தண்ணீர்க் குழாயை வைத்துப் பார்த்தோம், அதே இரண்டு அங்குலம்.

சில மாதங்களுக்கு முன் அண்ணாச்சி வீட்டு அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்து வந்தவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். மறுநாள் அண்ணாச்சி டேப்பை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். குனிந்து அளந்தார், கம்பி மூடியை மிதித்துப் பார்த்தார். மேஸ்திரியை வரச் சொன்னேன். அவர் இப்போது ஆளே வேறு. ஓர் அடிக்குப் பன்னிரண்டடி என்பதைத் தானே கண்டுபிடித்ததாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“அண்ணாச்சி, நீங்க ஏத்தியிருக்கறது மூணடி. முப்பத்தாறடி ஓடணும். அவ்வளவு நீளத்த ஒரே மூச்சுல ஏற முடியாது, நடுவுல நின்னு மூச்சு வாங்க ஒரு சமதளம் வேணும். உங்க வாசல்ல இருக்கறது எட்டடி.”

அண்ணாச்சி நிமிர்ந்து தன் வீட்டைப் பார்த்தார். வெள்ளம் வந்தால் கூடத் தொட முடியாத உயரத்தில் அது நின்றது.

“ஏத்துனவன்ட்டயே கேட்டுட்டேன் தம்பி, எறக்கித் தருவியான்னு.”

“என்ன சொன்னார்?”

“ஏத்துக் கூலியப் போல ரெண்டு மடங்கு கேக்கான்.”